சித்தியும் 37 ரூபாயும்

எங்க சித்தி ஒரு சிஸ்டர். அம்மாவோட தங்கச்சி, கன்னியாஸ்திரியா போயிட்டாங்க. ஊர்ல எல்லாருக்கும் அவங்க சிஸ்டர், ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு சிஸ்டர், எங்க அப்பா கூட சொந்தக் கொழுந்தியாள சிஸ்டர்னுதான் கூப்பிடுவாரு, உலகத்துலயே அவங்கள சித்தின்னு கூப்பிடுற ஆளு நானும் என் தம்பியும் மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு தடவ அவங்க துறவு சபையில வீட்டு லீவு குடுப்பாங்க, பெரும்பாலும் மே மாசம், ஒரு பைய தூக்கிட்டு நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்குவாங்க, அம்மா மரச்சீனி அவிச்சு சாளைக்கறி வச்சு ரெடியா இருப்பாங்க.

2019 மே மாசம் நடந்தத சொல்றேன். அன்னைக்கு காலையில சித்தி அடுக்களைப் படியில உக்காந்து சாயா குடிச்சிட்டிருந்தாங்க. பின்பக்கத்துல எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. அந்த அக்கா வேலைய முடிச்சிட்டு கேட்டத் தாண்டிப் போறவரைக்கும் சித்தி ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா அம்மாகிட்ட, "எக்கா, அவளுக்கு மாசம் எவ்வளவு குடுக்க?"

"ஆயிரத்து ஐநூறு. கிறிஸ்மஸுக்கு ஒரு சேலை. இந்தத் தெருவுல வேற யாரு இவ்வளவு குடுக்கா?"

சித்தி பழைய காலண்டர் தாள் ஒண்ணக் கிழிச்சு பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு நாளைக்கு 2 மணி நேரம், 26 நாள், மொத்தம் 52. அத 37-ஆல பெருக்கினா 1924. "424 ரூவா கொறவு எக்கா."

எங்கம்மாக்கு வந்த கோபத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. "ஒனக்கு என்ன பிள்ளே தெரியும், மணி அடிச்சா சோறு, உடுக்கத் துணி சபை குடுக்கும், கேஸ் என்ன விலைன்னு தெரியுமா ஒனக்கு, குடும்பம் நடத்திப் பாத்தாத்தான் தெரியும்"னு பிடிச்சிட்டாங்க. சித்தி சிரிக்கல, திருப்பியும் பேசல. ரெண்டு நாள் அக்காளும் தங்கச்சியும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா சாயங்காலம் ஏழு மணிக்கு செபமாலை சொல்லித்தானே ஆகணும், ஒரே பாய்ல உக்காந்து, சித்தி "அருள் நிறைந்த மரியே வாழ்க"ன்னு தொடங்க, அம்மா "தூய மரியே இறைவனின் தாயே"ன்னு முடிக்க, 53 தடவ மாறி மாறி, வேற ஒரு வார்த்தை இல்ல. நானும் தம்பியும் சிரிப்ப அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அந்த 37 சித்தி சும்மா அடிச்சு விட்ட நம்பர் இல்ல. வீட்டு வேலைக்கு குறைஞ்சபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய்னு தமிழ்நாடு அரசு 2018-ல வச்சது. எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியாது, வேலைக்கு வர்ற அக்காவுக்கும் தெரியாது. பேப்பர்ல ஒரு நாள் வந்திருக்கும், நாங்க ராசிபலன் பாத்துட்டு மடிச்சு வச்சிருப்போம்.

எனக்கு இதுல ஆச்சரியம் என்னன்னா, இவ்வளவு கறாரா அடுத்தவங்க கூலிக்கு கணக்குப் போடுற சித்தி கையில சொந்தமா பத்து பைசா கிடையாது. கன்னியாஸ்திரி ஆகும்போது ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல்னு மூணு வார்த்தைப்பாடு, அதாவது கடவுளுக்குக் குடுக்குற சத்தியம். "ஊருக்கு இன்ட்ரஸ்ட் எல்லாம் ரெண்டாவதுலதான், கஷ்டம் மூணாவதுலதான்"னு சித்தி சொல்லுவாங்க, அதுக்கு அப்புறம் வர்றேன். முதல் வார்த்தைப்பாட்ட நான் கண்ணால பாத்தது அவங்க நோட்டுலதான். சின்ன நோட்டு, நாப்பது பக்கம் இருக்கும், அதுல "பஸ் 23, ஆட்டோ 60, தேங்காண்ண 10"ன்னு எழுதி வச்சிருப்பாங்க. வீட்டு லீவுக்கு வரும்போது மடத்துல குடுத்த காசுக்கு திரும்பிப் போய் மடத்துத் தலைவி சுப்பீரியர்கிட்ட கணக்கு ஒப்படைக்கணும். அம்பத்தஞ்சு வயசுல, முப்பது வருஷம் சர்வீஸ் போட்ட டீச்சர், பத்து ரூபா எண்ணெய்க்கு கணக்கு எழுதுறாங்க.

ஆமா டீச்சர்தான், அரசு உதவி பெறும் ஸ்கூல்ல. அதாவது சம்பளம் கவர்மெண்ட் குடுக்குது, அவங்க பேர்ல பேங்க்ல வந்து விழும், விழுந்த வேகத்துல அப்படியே சபைக் கணக்குக்குப் போயிடும். வேலை பாக்க முடியாத வயசான சிஸ்டர்மாரப் பாத்துக்கிறது, புதுசா சேர்ற பிள்ளைகளப் படிக்க வைக்கிறது, ஹாஸ்டல், டிஸ்பென்சரி எல்லாம் அதுலருந்துதான் ஓடுது. இப்படி சம்பாதிச்சத முழுசா சபைக்குக் குடுக்குற மிஷனரிகளுக்கு வருமான வரி வேண்டாம்னு 1944-லயே, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்துலயே, ஒரு சர்க்குலர் இருந்துச்சு. அதனால சிஸ்டர், ஃபாதர் சம்பளத்துல டிடிஎஸ், அதாவது சம்பளம் போடும்போதே எடுக்குற வரி, அப்ப பிடிக்காம இருந்தாங்க. ஒரு பத்து வருஷத்துக்கு முன்னாடி வருமான வரித் துறை, "இல்ல, பிடிச்சுத்தான் ஆகணும்"னு சொல்ல, கேஸ் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போச்சு. சபைகள் தரப்புல வச்ச வாதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வாழ்நாள் முழுக்கன்னு நித்திய வார்த்தைப்பாடு குடுத்துட்டா திருச்சபைச் சட்டப்படி அந்த ஆளுக்கு "சிவில் மரணம்", அதாவது சொத்து, பணம் இந்த விஷயத்துல எல்லாம் அவங்க செத்துப்போனவங்க மாதிரி, அதனால சம்பளம் அவங்களோடதே கிடையாது, சபையோடதுன்னாங்க. 2019 மார்ச்ல ஹைகோர்ட் பெஞ்ச் இத ஏத்துக்கல. அப்பீல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயி அங்க 2024 நவம்பர் 7-ஆம் தேதி மொத்தம் 93 மனுவையும் தள்ளுபடி பண்ணிட்டாங்க. சம்பளம் உங்க பேர்ல வருது, வரியும் உங்க பேர்ல, வாங்கினத யாருக்குக் குடுக்குறீங்கங்கிறது உங்க இஷ்டம், அவ்வளவுதான் சாரம்.

உண்மையச் சொன்னா எனக்கு அந்தத் தீர்ப்பு சரின்னுதான் படுது, கவர்மெண்ட் சம்பளம் வாங்குற யாரா இருந்தாலும் ஒரே சட்டம்தானே. இத பயந்து பயந்து சித்திகிட்ட சொன்னேன். சித்தி, "நான் செத்துட்டேன்னு சபைச் சட்டம் சொல்லுது, உயிரோடதான் இருக்கேன்னு இன்கம்டாக்ஸ்காரன் சொல்றான், ரெண்டு பேர்ல யாரு என்னை நல்லாப் பாத்துக்கிறாங்கன்னு பாப்போம்"னாங்க. பான் கார்டு போட்டோவுல அவங்க முகத்தப் பாக்கணும், உயிரோட இருக்குறதுக்கான அறிகுறி கொஞ்சம் கம்மிதான்.

ஒரு தடவ அவங்களுக்கு குதிகால் வலின்னு கேள்விப்பட்டு மெத்து மெத்துன்னு நல்ல செருப்பா ஒண்ணு, விலை ஜாஸ்தி, வாங்கிட்டுப் போய் மடத்துல குடுத்துட்டு வந்தேன். அடுத்த தடவ போறப்ப அது வேற ஒரு வயசான சிஸ்டர் கால்ல கிடக்கு, சித்தி அதே பழைய ரப்பர் செருப்புல நிக்கிறாங்க. எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் கண்ணு கலங்குது, ஐயோ என்ன ஒரு தியாகம்னு. சித்தி சாதாரணமா, "நீ எட்டாம் நம்பர் வாங்கிட்டு வந்திருக்க மக்ளே, எனக்கு ஏழு. அவங்களுக்குத்தான் எட்டு"ன்னாங்க.

இந்த மடம், கூலி, பொம்பளைங்க கையில சொந்தக் காசுங்கிற விஷயமெல்லாம் எங்க ஜில்லாவுக்குப் புதுசில்ல. 1897-ல பெல்ஜியத்துல இருந்து மேரி லூயிஸ் டி மீஸ்டர்னு ஒரு மதர், கூட ஒரே ஒரு இளம் சிஸ்டரோட, கப்பல் ஏறி வந்து முளகுமூட்டுல தங்குனாங்க. அப்ப அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். அங்க இருந்த கார்மேல் சபை சாமியாருங்க அனாதைப் பிள்ளைகளப் பாத்துக்க ஆள் கேட்டு அனுப்ப, வந்தது இவங்க ரெண்டு பேரு. தமிழும் தெரியாது, வெயிலும் பழக்கமில்ல. அனாதை இல்லம், மருந்து, பள்ளிக்கூடம், அதோட தையல், லேஸ்னு ஆரம்பிச்ச அந்த வீடுதான் பின்னாடி ஒரு முழு சபையாவே ஆகிப்போச்சு. 1910-ல பிலிப்பைன்ஸுக்குப் போனாங்க, அப்புறம் காங்கோ, சீனான்னு போயிட்டே இருந்தாங்க. இன்னைக்கு ஐ.சி.எம். சிஸ்டர்ஸ், அதாவது மரியாவின் மாசற்ற இருதய சபை சிஸ்டர்ஸ்னு சொல்றது அவங்களத்தான். உலகம் பூரா இருக்குற ஒரு சபை பிறந்தது நம்ம முளகுமூட்டுலன்னு அந்த வழியா பஸ்ல போறவங்கள்ல பாதி பேருக்குத் தெரியாது. நியாயமா ஒண்ணு சொல்லணும், லேஸ் எங்க பக்கம் வந்தது கத்தோலிக்க மடங்களால மட்டும் இல்ல, அதுக்கு எழுபது எண்பது வருஷம் முன்னாடியே நாகர்கோவில்ல லண்டன் மிஷன் (எல்.எம்.எஸ்.) மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா லேஸ் சொல்லிக் குடுத்து, அடிமையா இருந்த பொண்ணுங்க அந்தக் காசுலயே தங்கள விடுவிச்சுக்கிட்டாங்க.

எங்க பாட்டி லேஸ் பின்னுவாங்க, மடத்துல சின்ன வயசுல கத்துக்கிட்டது. உருண்டையா ஒரு தலகாணி, அதுமேல புள்ளி வச்ச தாள், புள்ளிக்கு ஒரு குண்டூசி, நூல் சுத்துன குச்சிகள இந்தக் கையிலருந்து அந்தக் கைக்கு டக் டக்னு மாத்திப் போட்டுட்டே இருப்பாங்க, கண்ணு எங்கயோ இருக்கும், வாய் அடுத்த வீட்டுக் கதை பேசிட்டிருக்கும், கை மட்டும் தப்பாது. கூலி முழக்கணக்கு. அந்தக் காசுல பாட்டி சொந்தமா வாங்குன முதல் சாமான் ஒரு வெங்கல உருளி, அது இப்பவும் எங்க வீட்டுல இருக்கு, தாத்தா அத அடகு வைக்கக் கேட்டு பாட்டி தரமாட்டேன்னு சொன்ன கதையும் இருக்கு. அந்த லேஸ் சீமைக்குப் போயி என்ன விலைக்கு வித்துச்சு, பாட்டி கைக்கு அதுல எவ்வளவு வந்துச்சுன்னு அப்ப யாராவது காலண்டர் தாள்ல கணக்குப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். போடல.

அதே ஐ.சி.எம். சபைல இருந்து 1963-ல இந்தியாவுக்கு வந்தவங்கதான் சிஸ்டர் ஜீன் டெவோஸ், அவங்களும் பெல்ஜியம். 1980-கள்ல திண்டுக்கல் பக்கம் வீட்டு வேலை செய்ற பொம்பளைங்கள சின்னச் சின்னக் குழுவா சேர்த்து, அப்புறம் மும்பையில தேசிய வீட்டுவேலைத் தொழிலாளர் இயக்கமா வளர்த்தாங்க. முளகுமூட்டுல இருந்து திண்டுக்கல் எத்தன கிலோமீட்டர், ஆனா யோசிச்சா அதே வேலைதான். நம்ம தமிழ்நாடு அரசு வீட்டு வேலை செய்றவங்களுக்கு நல வாரியம் அமைச்சது 2007-ல, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவுல 189-ஆவது உடன்படிக்கையா வீட்டு வேலையும் ஒரு தொழில்தான்னு ஒத்துக்கிட்டது 2011 ஜூன் 16-ல. இந்தியா அதுக்கு ஆதரவா ஓட்டுப் போட்டுச்சு, ஆனா இன்னும் அத இங்க அமல்படுத்துறோம்னு உறுதி குடுக்கல. ஓட்டுப் போடுறதுக்கு செலவு இல்லையே.

சித்தியோட சபை வேற, ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குப் போயிட்டிருந்தாங்க. ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. ஏன் மூணு மணிக்குன்னு கேட்டேன், முதலாளி வீட்டுல மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடியுற நேரம் அதுதானாம். கோயில் பக்கத்துல ஒரு ஹால், இருபது பிளாஸ்டிக் சேர் வரிசையா போட்டிருக்கு, வந்த அக்காங்க எல்லாரும் நேரா போய் செவத்தோரம் தரையில உக்காந்துட்டாங்க. சித்தி ஒண்ணும் சொல்லாம அவங்களும் போய் தரையில உக்காந்தாங்க. "ஐயோ சிஸ்டர் நீங்க மேல உக்காருங்க"ன்னு ஒரே சத்தம். "நீங்க உக்காந்தா நான் உக்காருறேன்." இந்த நாடகம் ஓடவே அஞ்சு நிமிஷம் ஆச்சு, எல்லா வாரமும் ஓடுமாம், புதுசா வர்றவங்க இருப்பாங்களே.

அப்புறம் ஒவ்வொருத்தரா பேர் சொல்லி என்ன வேலைன்னு சொல்லணும். "வேலைக்காரி"ன்னு சொன்னா பழைய ஆளுங்களே திருத்துறாங்க, "வீட்டுவேலைத் தொழிலாளின்னு சொல்லு". ஒரு அக்கா வாய்ல அது நுழையவே இல்ல, மூணு தடவ சொல்லி சிரிச்சு சேலைத் தலைப்பால வாய மூடிக்கிட்டாங்க. அப்புறம் நல வாரிய பாரம் நிரப்புறது, பிள்ளைங்க படிப்புக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு உதவித்தொகை, 60 வயசானா பென்ஷன்னு சித்தி விளக்குறாங்க. பாதி பேர்கிட்ட ஆதார் அட்டையில ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேரு. அதுலயே சாயங்காலம் போயிடுச்சு. ஜெபம்னு பாத்தா கடைசில ரெண்டு நிமிஷம்தான், அதுவும் வந்தவங்கள்ல பாதிக்கு மேல இந்து அக்காங்க, ஒரு முஸ்லிம் பாட்டியம்மா, கண்ண மூடி அமைதியா இருந்துட்டு எந்திரிச்சாங்க. மதம் மாத்துறாங்கன்னு சொல்ற ஆளுங்க ஒரு தடவ வந்து அந்த ரேஷன் கார்டு பேர் திருத்தத்த மட்டும் முடிச்சுக் குடுத்தா புண்ணியமாப் போகும்.

அங்க ஒரே அபார்ட்மெண்ட்ல வேலை செய்ற மூணு பேர் சேர்ந்து கூலி கேட்டாங்க, அதுக்கு அடுத்த மாசம். ரெண்டு பேருக்கு ஏறுச்சு. மூணாவது அக்காவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. சித்தி அத என்கிட்ட சொன்னப்ப குரல் நல்லாவே இல்ல, வேற வீடு பிடிச்சுக் குடுக்க ஒன்றரை மாசம் அலைஞ்சிருக்காங்க.

கணக்குப் போடச் சொல்லிக் குடுக்குறது கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். மத்தியப் பிரதேசத்துல உதய்நகர்னு ஒரு ஊர்ல சிஸ்டர் ராணி மரியா, கேரளாக்காரங்க, ஃபிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை, இதத்தான் செஞ்சாங்க. பழங்குடி ஜனங்கள குழுவா சேர்த்து, வட்டிக்காரன்கிட்ட போகாதீங்க, பேங்க் லோன் இருக்கு, கவர்மெண்ட் திட்டம் இருக்குன்னு காட்டிக் குடுத்தாங்க. வட்டி வாங்கித் தின்னவனுக்கு வயிறு எரியாதா. 1995 பிப்ரவரி 25, இந்தூர் போற பஸ்ல, அவ்வளவு ஜனத்துக்கு நடுவுல கத்தியால குத்திக் கொன்னாங்க, உடம்புல 54 காயம். வயசு 41. குத்துன ஆளு சமந்தர் சிங். சிஸ்டரோட கூடப்பிறந்த தங்கச்சி, அவங்களும் கன்னியாஸ்திரி, 2002-ல ஜெயிலுக்கே போயி அந்த ஆளு கையில, கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்குக் கட்டுற ராக்கிய கட்டினாங்க. 2017-ல ராணி மரியாவுக்கு அருளாளர் பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்தாங்க. எனக்கு அந்த ராக்கி இன்னும் புரியல, நான் அவ்வளவு நல்லவ இல்ல. சித்திகிட்ட கேட்டேன், உங்க அக்காவ ஒருத்தன் இப்படி பண்ணியிருந்தா நீங்க கட்டுவீங்களான்னு. ரொம்ப நேரம் யோசிச்சு "தெரியல"ன்னாங்க. அந்த பதில்தான் எனக்குப் பிடிச்சது.

இப்ப மூணாவது வார்த்தைப்பாட்டுக்கு வர்றேன். அம்மாவோட சண்டை ஓஞ்ச பிறகு, ஒரு நாள் நானே குசும்பா கேட்டேன், "சித்தி, எங்க வீட்டுக் கணக்கு பாத்தீங்களே, உங்க மடத்துல சமையல் பண்றவங்களுக்கு எவ்வளவு?" சித்தி மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. அந்தக் கேள்விய அவங்களே மடத்துல கேட்டிருக்காங்க, சாப்பாட்டு மேசையில, எல்லா சிஸ்டர்மாரும் இருக்கும்போதே, இதே மாதிரி பேப்பர்ல கணக்குப் போட்டு. சமையல் அக்காவுக்கு கொஞ்சம் ஏத்துனாங்களாம். அடுத்த ஜூன்ல சித்திக்கு ட்ரான்ஸ்ஃபர். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு கேட்டேன். "கீழ்ப்படிதல்"னு ஒரே வார்த்தை, எந்திரிச்சுப் போயி துணி காயப் போட ஆரம்பிச்சிட்டாங்க.

இது எங்க ஊர் மடத்துக் கதை மட்டும் இல்ல. 2018 மார்ச்ல வத்திக்கான் பத்திரிகையோட பெண்கள் இதழ்லயே ஒரு கட்டுரை வந்துச்சு, கர்தினால்மார், ஆயர்மார் வீடுகள்ல சிஸ்டர்ங்க சமைச்சு, பரிமாறி, துணி துவைச்சு, இஸ்திரி போட்டு வேலை செய்றாங்க, சம்பளம்னு ஒண்ணு கிடையாது இல்லன்னா பேருக்கு ஏதோ, லீவு கிடையாதுன்னு. மொபைல்ல தமிழ்ல சித்திக்கு வாசிச்சுக் காட்டினேன். சித்தி கேட்டுட்டு, "பீடத் துணி துவைக்கிறது, கோயில்ல பூ வைக்கிறது, ஃபாதருக்கு பங்கு விழாவுக்கு சமைச்சுக் குடுக்குறது, இதுக்கெல்லாம் எத்தன மணி நேரம்னு நான் கணக்குப் பாத்ததே இல்ல மக்ளே"ன்னாங்க. பாக்கலாமான்னு பேனாவ எடுத்து நீட்டினேன். "வேண்டாம், அது கடவுளுக்கு"ன்னாங்க. கொஞ்சம் கழிச்சு அவங்களே, "சமையல் கடவுளுக்கு இல்ல, ஃபாதருக்குத்தான்"னு சொல்லிட்டு சிரிச்சாங்க.

2025 ஜனவரியில சிஸ்டர் சிமோனா பிராம்பில்லாவ துறவு சபைகளுக்கான வத்திக்கான் துறைக்குத் தலைவரா போட்டாங்க, அந்த மாதிரி பதவியில ஒரு பெண் வர்றது இதான் முதல் தடவ. உலகத்துல துறவிகள்ல பெரும்பான்மை பொம்பளைங்க, அவங்க துறைக்கு ஒரு பொம்பள வர இவ்வளவு காலம். சித்திக்கு வாட்சப்ல நியூஸ் அனுப்பினேன். இப்ப ரிட்டயர் ஆயிட்டாங்க, மடத்துல ஸ்மார்ட்போனும் வந்தாச்சு, முழுநேரமும் அந்த அக்காங்க வேலைதான். ஒரு கைகூப்புற எமோஜி வந்துச்சு, பின்னாடியே "நல வாரிய ஆன்லைன் பாரத்துல ஓடிபி வர மாட்டேங்குது என்ன செய்ய"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ்.

அம்மா என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. சண்டைக்கு அடுத்த மாசமே ஆயிரத்து எண்ணூறு ஆக்குனாங்க, "அவ சொன்னதுக்காக ஒண்ணும் இல்ல, எனக்கா தோணுச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டாங்க. 1924 ஆக்கல. அந்தக் காலண்டர் தாள் உப்பு பாட்டிலுக்கு அடியில ரொம்ப நாள் கிடந்துச்சு, எண்ணெய்க் கறை பிடிச்சு, எங்கம்மா தூக்கிப் போடவும் இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு மே மாசமும் சித்தி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி எப்படியோ சம்பளம் கொஞ்சம் ஏறும்.

போன ஏப்ரல்ல நான் ஊருக்குப் போயிருந்தப்ப அந்த அக்கா முற்றம் பெருக்கிட்டே அம்மாகிட்ட கேட்டாங்க, "சிஸ்டரம்மா இந்த வருஷம் எப்ப வாராவ?"

"ஏன் கேக்க?"ன்னாங்க அம்மா.

"சும்மாதான் கேட்டேன்"னு சொல்லிட்டு அக்கா தொடப்பத்த தட்டி மூலையில சாத்தி வச்சிட்டுப் போயிட்டாங்க.